காய்ச்சல் பிரிவில் தொலைமருத்துவம்: ஊழியர்களுக்குத் தொற்று குறையுமா?

கேள்வி: செவிலியர் கண்காணிப்பாளர், வேலூர்

அனைவருக்கும் வணக்கம். வேலூர் நகரில் நடுத்தர அளவுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளராக இருக்கிறேன். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் தை பிறக்கும் வரை எங்கள் காய்ச்சல் பிரிவில் கூட்டம் ஓயாது. குடியாத்தம், பேரணாம்பட்டு, ஒடுகத்தூர், ஆற்காடு என்று நாலா பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். ஒரு நோயாளிக்குத் துணையாகக் குறைந்தது இருவர் உடன் வருகிறார்கள். காத்திருக்கும் கூடமோ நீண்டு குறுகியது. சாரல் அடிக்கிறது என்று ஒரு பக்கச் சன்னல்களைச் சாத்தி வைத்துவிடுகிறார்கள். அந்த அடைசலுக்குள் பெயர் பதிவு செய்யும் பெண்ணும், காய்ச்சல் அளக்கும் பயிற்சிச் செவிலியரும், இரத்தம் எடுக்கும் ஆய்வகப் பணியாளரும், தரை துடைக்கும் அம்மாவும் காலை முதல் பிற்பகல் வரை இருந்தாக வேண்டும். மழைக்காலம் முடிவதற்குள் இவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் படுத்துவிடுகிறார்கள். எஞ்சியவர்கள் இரட்டை டூட்டி பார்த்து அவர்களும் நோய்வாய்ப்படுகிறார்கள். எங்களிடம் பயிற்சி பெற்ற ஒரு பெண் கழுத்தில் நெறி கட்டி, காசநோய் என்று உறுதியாகி, ஆறு மாதம் மருந்து சாப்பிட நேர்ந்தது.

இந்த ஆண்டு காய்ச்சல் நோயாளிகளைத் தொலைபேசியிலும் வீடியோ அழைப்பிலும் பார்க்கலாம், அதனால் ஊழியர்களுக்குப் பாதுகாப்பு என்று நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. நான் அதை வரவேற்கிறேன். ஆனால் எனக்கு ஒரு கவலை இருக்கிறது. 2020இல் நான் வேறொரு மருத்துவமனையில் இருந்தபோது, தனிமை வார்டில் மருத்துவர் சுற்றுப்பார்வை வீடியோ வழியாகவே நடந்தது. மருத்துவர் தம் அறையில் இருந்தார். செவிலியர் ஒருவர் கைப்பேசியைப் பாலித்தீன் உறைக்குள் போட்டு ஒவ்வொரு கட்டிலாக எடுத்துச் சென்று நோயாளியின் முகத்தருகே பிடித்துக்கொண்டு நின்றார். இரட்டைக் கையுறைக்குத் திரை அசையாது. மூக்கால் தொட்டு அழைப்பை எடுக்க முடியுமா என்று பார்த்தவர்களும் உண்டு. மருத்துவருக்குத் தொற்று வாய்ப்புக் குறைந்தது உண்மைதான். அந்தச் செவிலியருக்கு அது கூடியது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஆகவே எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: எந்த நோயாளிகளைத் தொலைபேசியில் பார்த்தால் ஊழியர் அனைவருக்கும் உண்மையாகவே தொற்று வாய்ப்புக் குறையும்? வார்டுக்குள் இதை எப்படிப் பயன்படுத்தினால் சுமை ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாறாமல் இருக்கும்? நேரில் செய்து பார்த்தவர்கள் விரிவாக எழுதினால் நிர்வாகக் கூட்டத்தில் எடுத்து வைக்க உதவியாக இருக்கும்.

பதில் 1: பொது மருத்துவர், காட்பாடி

சிஸ்டர், வணக்கம். நீங்கள் கேட்டது சரியான கேள்வி. பெரும்பாலான மருத்துவமனைகள் இதைக் கேட்காமலேயே கருவிகளை வாங்கிவிடுகின்றன.

தொழிலிடப் பாதுகாப்பில் ஒரு வரிசை உண்டு. ஆபத்தையே இல்லாமல் செய்வது முதலிடம். காற்றோட்டம், தடுப்பு போன்ற கட்டட ஏற்பாடுகள் அடுத்து. பணிமுறையை மாற்றுவது அதற்கும் அடுத்து. முகக்கவசமும் கையுறையும் கடைசி. நடக்காத சந்திப்பில் தொற்று பரவ வழியில்லை என்பதால், தொலைமருத்துவம் எந்தச் சந்திப்பை அறவே நீக்குகிறதோ அந்தச் சந்திப்பைப் பொறுத்தவரை என்95 முகக்கவசத்தைவிட வலிமையானது. எதை நீக்கவில்லையோ அதைப் பொறுத்தவரை அதனால் ஒரு பயனும் இல்லை. எனவே உங்கள் மருத்துவமனையில் எந்தெந்தச் சந்திப்புகள் நடக்காமலேயே இருக்கலாம் என்று முதலில் பட்டியலிட வேண்டும்.

என் அனுபவத்தில் அந்தப் பட்டியலின் தலையில் வருபவர்கள் காய்ச்சல் நோயாளிகள் அல்லர். அதே குறுகிய கூடத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாந்திர மருந்து வாங்க வரும் பெரியவர்கள், நேற்று கொடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவைக் காட்ட வருபவர்கள், அறுவைக்குப் பின் எல்லாம் நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போக வருபவர்கள் ஆகியோரே முதலில் வீட்டிலிருந்து பேசத் தக்கவர்கள். இவர்களைக் கூடத்திலிருந்து எடுத்துவிட்டாலே நெரிசல் பாதியாகத் தளர்ந்துவிடும். இருமுகிறவருக்கும் பதிவு மேசைக்கும் நடுவே இடைவெளி தானாக உண்டாகும். சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. 2020 மார்ச் 25 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி, அதே நோய்க்காக முந்தைய ஆறு மாதத்துக்குள் ஒரு மருத்துவரைப் பார்த்தவர் மீண்டும் அவரிடமே பேசினால் அது தொடர் ஆலோசனை. அதில் ஏற்கெனவே எழுதிய மருந்தைத் தொடர்ந்து எழுதலாம். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் காட்பாடியில் வந்து இறங்கி, வாரக்கணக்கில் விடுதிகளில் தங்கிச் சிகிச்சை பெறுகிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களுடைய மறுபார்வைகளில் பல, மொழி தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொண்டு வீடியோவில் முடியக்கூடியவை.

காய்ச்சல் நோயாளிகள் விஷயத்தில் தொலைபேசியைச் சிகிச்சைக்காக அன்றி, வகைபிரிப்பதற்காகப் பயன்படுத்துங்கள் என்பதே என் கருத்து. கிளம்புவதற்கு முன் அவர் ஓர் எண்ணுக்கு அழைக்க வேண்டும். எத்தனை நாள் காய்ச்சல், இருமல் உண்டா, இரண்டு வாரத்துக்கு மேலாக இருக்கிறதா, உடம்பில் கொப்புளமோ தடிப்போ தெரிகிறதா, மூச்சு வாங்குகிறதா, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டு, வரத் தேவையில்லாதவரை வீட்டிலேயே நிறுத்தலாம். வர வேண்டியவருக்கு நேரம் குறித்துக் கொடுத்து, முகக்கவசத்துடன் பக்கவாசல் வழியாக நேரே வரச் சொல்லலாம். அவர் கூடத்தில் உட்காராமல் போவதுதான் உங்கள் ஊழியர்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. கொரோனா போன்ற நோய்கள் அறிகுறி தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பரவக்கூடியவை என்பதால் தொலைபேசிக் கேள்விகளில் எல்லாரும் சிக்கமாட்டார்கள். ஆகவே முகக்கவசத்தைக் கழற்றிவிட இது காரணமாகாது.

தொலைபேசியிலேயே காய்ச்சலுக்கு மருந்து சொல்லி முடித்துவிடும் பழக்கம் நம் பகுதியில் மிகவும் ஆபத்தானது. ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல் வேலூர்ச் சுற்றுவட்டாரத்தில் மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில் நிறைய வருகிறது. அதன் அடையாளம், சிகரெட்டால் சுட்டது போன்ற ஒரு கருத்த பொருக்கு. அது அக்குளிலோ, தொடை இடுக்கிலோ, மார்பின் கீழோ, இடுப்புப் புடவைக் கட்டின் அடியிலோ ஒளிந்திருக்கும். வலிக்காது, அரிக்காது, நோயாளிக்கே தெரியாது. வீடியோவில் அதைக் காட்டச் சொல்லவும் முடியாது. ஆடையை விலக்கி, வெளிச்சத்தில் தேடினால்தான் கிடைக்கும். அது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றாத நோய் என்பதையும் கவனியுங்கள்: ஊழியரைக் காப்பதற்காக அந்த நோயாளியைத் தூரத்தில் வைப்பதில் ஊழியருக்கு இலாபம் ஏதும் இல்லை, நோயாளிக்கோ உயிர் நஷ்டம். டெங்குவும் அப்படித்தான், காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ஆபத்து ஏறுகிறது. வீட்டுக்கு அனுப்பியவரை அந்த நாட்களில் அழைத்து வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறுகளில் இரத்தம் உண்டா என்று விசாரிக்கத் தொலைபேசி மிகப் பயனுள்ளது. இரத்த அணுக்களை எண்ண அவர் வந்தே ஆக வேண்டும்.

கொரோனாத் தடுப்பூசி போட்டாகிவிட்டது, இனி இதெல்லாம் எதற்கு என்று கூட்டத்தில் யாராவது கேட்கக்கூடும். 2021இன் இரண்டாம் அலையின்போது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) தன் ஊழியர்களிடையே செய்த ஆய்வில், இரண்டு தவணை தடுப்பூசி மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையிலிருந்து 77 சதவீதமும், தொற்றிலிருந்து 65 சதவீதமும் பாதுகாப்பு அளித்ததாகக் கண்டார்கள். உயிரைக் காப்பதில் தடுப்பூசி சிறந்தது. ஆனால் ஊழியர் படுத்து டூட்டிப் பட்டியல் குலைவதை அது மட்டுமே தடுத்துவிடாது.

பதில் 2: தனிமை வார்டுச் செவிலியர், இராணிப்பேட்டை

சிஸ்டர் எழுதியதைப் படித்தபோது எங்கள் வார்டை நேரில் பார்த்து எழுதியது போலவே இருந்தது. டாக்டர் ஐயா வெளிநோயாளிப் பிரிவைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டார். வார்டைப் பற்றி நான் சொல்கிறேன்.

அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட கொரோனா நோயாளியை 2020 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் எவரெட் நகர மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள். கேமராவும் இதயத்துடிப்பு கேட்கும் கருவியும் பொருத்திய ஒரு இயந்திரத்தின் வழியாக மருத்துவர்கள் அவரிடம் பேசினார்கள் என்று உலகமே வியந்தது. அறைக்குள் நின்று அந்த இயந்திரத்தை நகர்த்திக் கொடுத்தவர்கள் செவிலியர்கள் என்ற செய்தி அவ்வளவாகப் பேசப்படவில்லை. வசதி எவ்வளவு இருந்தாலும், கையால் செய்ய வேண்டிய வேலை யாராவது ஒருவர் கைக்குத்தான் போகிறது.

எனவே வார்டில் கணக்குப் பார்க்க வேண்டியது, ஒரு நாளில் ஒரு நோயாளியின் அறைக்கதவை மொத்தம் எத்தனை பேர் எத்தனை முறை கடக்கிறார்கள் என்பதைத்தான். மருத்துவர் நுழைவது மட்டும் குறைந்தால் போதாது. கதவில் ஒரு தாளை ஒட்டி, உள்ளே போகும் ஒவ்வொருவரும், துப்புரவுப் பணியாளர், உணவு கொண்டு வருபவர், எக்ஸ்ரே எடுப்பவர் உட்பட, ஒரு கோடு போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே நாளில் யார் தலையில் சுமை விழுகிறது என்பது நிர்வாகத்துக்குக் கண்கூடாகத் தெரிந்துவிடும். நாங்கள் அப்படிப் பார்த்தபோது, செவிலியர் நுழைவில் பெரும்பகுதி நோயாளி மணியடித்துத் தண்ணீர் கேட்டதற்கும், வீட்டாரிடம் பேச வேண்டும் என்றதற்கும், சலைன் தீர்ந்ததா என்று எட்டிப் பார்த்ததற்குமே என்று தெரிந்தது. இவற்றில் எதற்கும் ஆள் உள்ளே போக வேண்டியதில்லை.

அதன்பின் ஒவ்வொரு கட்டிலுக்கும் விலை குறைந்த ஒரு கைப்பேசியைத் தாங்கியில் நிரந்தரமாகப் பொருத்திவிட்டோம். அழைப்பு வந்தால் தானாக எடுக்கும்படி அமைத்ததால் நோயாளி கை அசைக்க வேண்டியதில்லை, செவிலியர் பிடித்துக்கொண்டு நிற்கவும் வேண்டியதில்லை. ஒரு கருவி பல கட்டில்களுக்குப் போகாததால் அதன் வழியாகத் தொற்று பரவும் கவலையும் இல்லை. நோயாளி வீட்டுக்குப் போனதும் 70 சதவீத ஆல்கஹால் கொண்டு துடைத்தால் போதும். கேமரா எப்போதும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ என்று நோயாளிகள், குறிப்பாகப் பெண்கள், கூச்சப்படுவார்கள். கேமராவை எப்போது திறப்போம் என்று முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்குவதும், உடை மாற்றும்போது அதை மூட ஒரு துணியைக் கையெட்டும் தூரத்தில் வைப்பதும் கட்டாயம்.

மருத்துவர் வீடியோவில் பார்க்கிற நேரத்தையும் செவிலியர் உள்ளே போகிற நேரத்தையும் ஒன்றாக்க வேண்டும் என்பதை எல்லாவற்றுக்கும் மேலாக வலியுறுத்துவேன். ஊசி போடுவது, இரத்த அழுத்தம் பார்ப்பது, இரத்தம் எடுப்பது, படுக்கை விரிப்பு மாற்றுவது, உணவுத் தட்டை வைப்பது ஆகிய எல்லாவற்றையும் ஒரே நுழைவில் முடிப்பதற்குத் தக்கபடி மருந்து நேரங்களை மருத்துவர்தான் மாற்றி எழுதித் தர வேண்டும். ஆறு மணிக்கு ஒன்று, ஏழு மணிக்கு ஒன்று, எட்டு மணிக்கு ஒன்று என்று பழக்கத்தில் எழுதிவிட்டுப் போனால், அவர் வீட்டிலிருந்து பார்த்தால் என்ன, விண்வெளியிலிருந்து பார்த்தால் என்ன, நாங்கள் முழுப் பாதுகாப்பு உடையை மூன்று முறை மாட்டிக் கழற்ற வேண்டியதுதான். வேலூர்ப் பக்கத்து மே மாத வெயிலில், ஏசியை நிறுத்திவிட்ட வார்டில், அந்த உடைக்குள் கண்ணாடியில் ஆவி படிந்து சிரிஞ்சின் கோடு தெரியாமல் நின்றவர்களுக்கு இந்த ஒரு சலுகையின் அருமை தெரியும். உடையைக் கழற்றும் நேரம்தான் தொற்று ஒட்டிக்கொள்ள அதிக வாய்ப்புள்ள நேரம் என்பதால், ஒவ்வொரு தேவையற்ற நுழைவும் ஒரு தேவையற்ற கழற்றலும் ஆகும்.

இன்னொன்று, இது தொலைமருத்துவம் அல்ல, ஆனாலும் சொல்கிறேன். ஊழியர்கள் பலர் நோயாளியிடமிருந்து அல்லாமல் ஒருவரிடமிருந்து ஒருவர் தொற்றைப் பெறுகிறார்கள். முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு நெருக்கமாக உட்கார்ந்து சாப்பிடும் ஓய்வறையில் அது நடக்கிறது. டூட்டி மாறும்போது எல்லாரும் ஒரு சிறிய அறையில் கூடி நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைக்கும் வழக்கத்தையும் தொலைபேசிக்கு மாற்ற முடியும்.

பதில் 3: காசநோய்ப் பிரிவுப் பணியாளர், குடியாத்தம்

கேள்வியில் பயிற்சிச் செவிலியருக்குக் காசநோய் வந்ததைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. கொரோனா வந்தபின் எல்லாரும் தொற்றைப் பற்றிப் பேசுகிறோம். நம் மாவட்டத்து இளம் செவிலியர்களை அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே வருத்தி வருவது காசநோய்தான். வேலூரில் செவிலியர் மாணவிகளைத் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, அவர்களுக்கு ஆண்டுதோறும் காசநோய்க் கிருமி தொற்றும் வாய்ப்பு பொது மக்களுக்கு இருப்பதைவிடப் பல மடங்கு என்று காட்டியது.

இதில் பலரும் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. காசநோய் என்று பெயர் பதிவாகி மருந்து சாப்பிடுகிறவரைக் கண்டு அஞ்சுகிறார்கள். மருந்துக்குக் கிருமி கட்டுப்படுகிற நோயாளி, சரியான மருந்தைத் தொடங்கிய ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள் பிறருக்குப் பரப்பும் ஆற்றலைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறார். ஆபத்தானவர், இன்னும் நோய் என்னவென்றே தெரியாமல், வெறும் சளி என்று மருந்துக் கடையில் டானிக் வாங்கிக் குடித்துவிட்டு, உங்கள் கூடத்தில் வரிசையில் நின்று இருமிக்கொண்டிருப்பவர். எனவே ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவரை வீடியோவில் பார்ப்பதனால் அவருக்குப் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சமாகும், அது மிக நல்லது. ஆனால் ஊழியர்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு கொஞ்சம்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று தொலைபேசியில் சொல்கிறவரைக் கூடத்துக்குள் விடாமல், நேரே திறந்த வெளியில் சளி மாதிரி கொடுக்கச் செய்து அனுப்புவதில்தான் உண்மையான பாதுகாப்பு இருக்கிறது. கழிவறைக்குள் போய்த் துப்பிக் கொண்டு வரச் சொல்லும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உள்ளது. காற்றுப் போகாத அந்தச் சிறு அறையில் நுண்துளிகள் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். அடுத்து உள்ளே போகிறவர் பெரும்பாலும் துப்புரவுப் பணியாளர்.

மருந்து விழுங்குவதைக் கண்காணிக்கத் தொலைவழி முறைகள் நமக்குப் புதியவை அல்ல. மருந்து அட்டையில் மாத்திரையைப் பிதுக்கியதும் தெரியும் எண்ணுக்கு நோயாளி மிஸ்டு கால் கொடுக்கும் 99டாட்ஸ் முறையை இந்தியாவில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தியிருக்கிறோம். மாத்திரை விழுங்குவதை வீடியோவில் பார்த்து உறுதி செய்வதை உலக சுகாதார நிறுவனமும் 2017இல் ஏற்றுக்கொண்டது. அதே சமயம், தமிழ்நாட்டில் 2022 முதல் நடைபெறும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், புதிய நோயாளியின் எடை, காலில் வீக்கம், மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, தீவிரமானவரை உடனே சேர்க்கிறார்கள். இவற்றை நேரில் பார்த்தால்தான் சரியாக இருக்கும். அந்த முதல் சந்திப்பைத் தயவுசெய்து தொலைபேசிக்கு மாற்றிவிடாதீர்கள். சன்னலைத் திறந்து வைத்து, செவிலியர் நன்கு பொருந்திய என்95 அணிந்து, நோயாளிக்கும் முகக்கவசம் கொடுத்துப் பாருங்கள். உங்கள் மேற்குச் சன்னலோ கிழக்குச் சன்னலோ, மழைக்குச் சாத்துவதைவிட வெளியே ஒரு தகரச் சார்ப்பு இறக்கிவிடச் சொல்லுங்கள். எந்தத் தொலைபேசியையும்விட அதற்குச் செலவு குறைவு.

கேள்வி கேட்டவர்: செவிலியர் கண்காணிப்பாளர், வேலூர்

மூவருக்கும் என் நன்றி. கதவில் தாள் ஒட்டும் யோசனையை நாளைக்கே தொடங்கப் போகிறேன். காய்ச்சல் இல்லாதவர்களிடமிருந்து தொடங்கலாம் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு ஐயங்கள் மிச்சம் இருக்கின்றன. மலைக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களிடம் வீடியோ வசதி கிடையாது. வீட்டில் ஒரு கைப்பேசி இருந்தாலும் அது மகனோடு திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறது. முன்கூட்டி அழைக்காமல் வந்துவிட்டார்கள் என்பதற்காக அவர்களைப் பின்னுக்குத் தள்ளிவிடக் கூடாது. மற்றொன்று, தொலைபேசி மேசையில் யாரை உட்கார வைப்பது? செவிலியர் ஒருவரே கேள்விகளைக் கேட்டு முடிவு சொல்லலாமா?

பதில் 4: கிராம சுகாதாரச் செவிலியர், அணைக்கட்டு ஒன்றியம்

அக்கா, மலைக்காரர்களைப் பற்றிக் கேட்டதற்கு மிக்க நன்றி. அல்லேரி, பீஞ்சமந்தை பக்கமெல்லாம் பாறை மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும் இடங்கள் உண்டு. வீடியோவில் வா என்று அவர்களிடம் சொல்வதும் வராதே என்று சொல்வதும் ஒன்றுதான்.

எங்களுக்குக் கைகொடுத்தது வேறு வகை. நோயாளி மருத்துவரோடு நேராகப் பேச வேண்டும் என்றில்லாமல், துணை சுகாதார நிலையத்தில் நான் உடன் இருக்க, என் பக்கத்திலிருந்து மருத்துவரை அழைப்பது. மத்திய அரசின் இ-சஞ்சீவனி தொலைமருத்துவத் திட்டமும் 2019இல் இப்படித்தான் தொடங்கியது; நோயாளி வீட்டிலிருந்தே பேசும் பிரிவு 2020 ஏப்ரலில்தான் வந்தது. இதில் நான் நோயாளியின் அருகில் இருக்கிறேன், தொற்று வாய்ப்பு எனக்கு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் என் முன்னால் இருப்பது வேப்ப மரத்தடியில் ஒருவர், இருவர். உங்கள் கூடத்தில் இருப்பதோ ஒரு கூட்டம். மலையிலிருந்து ஒருவர் ஜீப்பில் நெருக்கியடித்து இறங்கி, பஸ் மாறி, உங்கள் கூடத்தில் அரை நாள் இருமுவது தவிர்ந்தால் வழியில் இருக்கிற அத்தனை பேருக்கும் நல்லது. அதற்குப் பதிலாக எங்களுக்கு வேண்டியது சரியான அளவில் முகக்கவசம், ஆக்சிஜன் அளக்கும் கருவிக்குப் பாட்டரி, அழைத்தால் உடனே எடுக்கும் ஒரு மருத்துவர். உங்கள் மருத்துவமனை சுற்றியுள்ள கிராம சுகாதாரச் செவிலியர்களிடம் அந்த எண்ணைக் கொடுத்து வைத்தால், யாரை எப்போது அனுப்புகிறோம் என்று நாங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவோம்.

டாக்டர் ஐயா கொப்புளத்தைப் பற்றி ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போனார். அதில் நிறைய இருக்கிறது. பங்குனி, சித்திரையில் அம்மை போட்டால் நம் வீடுகளில் மருத்துவமனைக்கே போகமாட்டார்கள். வாசலில் வேப்பிலை செருகி, நோயாளியைத் தனி இடத்தில் கிடத்திவிடுவார்கள். மருத்துவர்கள் இதற்காக அவர்களைக் கடிந்துகொள்வதையே பார்த்திருக்கிறேன். தொற்றைப் பொறுத்தவரை அவர்கள் செய்வது சரியானது. சின்னம்மைக் கொப்புளங்கள் எல்லாம் பொருக்காகும் வரை அவர் கூடத்துக்குள் வராமல் இருப்பதே உங்கள் கர்ப்பிணி ஊழியர்களுக்குப் பெரிய பாதுகாப்பு. ஆனால் பெரியவர்களுக்குச் சின்னம்மை வந்தால் கொப்புளம் தோன்றிய ஒரு நாளுக்குள் மருந்து தொடங்குவது நல்லது என்பதால், மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும். கொப்புளத்தைப் படம் எடுத்து அனுப்பினாலே பெரும்பாலும் புரிந்துவிடும். வீட்டை விட்டு வெளியே வரவேண்டாம், வேப்பிலையை எடுக்கவும் வேண்டாம், போனில் மட்டும் பேசுங்கள் என்று நான் சொன்ன வீடுகளில் மறுப்பு வந்ததே இல்லை. மூச்சு வாங்கினாலோ, நினைவு தடுமாறினாலோ, நோயாளி கர்ப்பிணியாக இருந்தாலோ மட்டும் உடனே கொண்டுவர வேண்டும். அப்போதும் கிளம்பும் முன் சொல்லிவிட்டால் நீங்கள் தனி அறையைத் தயாராக வைத்திருக்கலாம்.

அழைக்காமல் வந்துவிடுகிறவர்களுக்கு வாயிலிலேயே, கூரைக்கு வெளியே ஒரு மேசை போடுங்கள். தொலைபேசியில் கேட்கும் அதே கேள்விகளை அங்கே ஒருவர் நின்று கேட்டால் போதும். அழைத்தவருக்கு ஒரு வரிசை, அழைக்காதவருக்கு ஒரு வரிசை என்று வைத்தால் எங்கள் மலைக்காரர்கள் எப்போதும் கடைசியில்தான் நிற்பார்கள்.

பதில் 5: பொது மருத்துவர், காட்பாடி

தொலைபேசி மேசையைப் பற்றி. கர்ப்பிணியாக உள்ள செவிலியர், புற்றுநோய்க்கோ மூட்டுவாதத்துக்கோ எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர் ஆகியோரை அந்த மேசையில் அமர்த்துங்கள். தொற்றுக்கு ஆளாகி உடல் தேறி ஆனால் இன்னும் தனிமையில் இருப்பவர் அதே வேலையைத் தம் தனிமை இடத்திலிருந்தே செய்யலாம். காய்ச்சல் பிரிவிலிருந்து விலக்கி வைத்தால் வேலை குறைந்துவிட்டதாகச் சக ஊழியர் முணுமுணுப்பார்கள் என்று அஞ்சித் தம் கர்ப்பத்தையே சில மாதங்கள் சொல்லாமல் மறைக்கும் பெண்கள் உண்டு. அனுபவமுள்ள செவிலியர் செய்ய வேண்டிய பொறுப்பான வேலை ஒன்று அங்கே இருக்கிறது என்றால் அந்த அச்சம் குறையும். அதுவே அவர்களுக்கு நிரந்தர இடமாகிவிடக் கூடாது. சம்பளமும் படியும் குறையக் கூடாது.

செவிலியர் கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம், எங்கே எப்போது வர வேண்டும் என்று எழுதி வைத்த முறைப்படி சொல்லலாம், ஆபத்தான அறிகுறி இருந்தால் 108ஐ அழைக்கச் சொல்லலாம். நோய் இன்னது என்று முடிவு செய்வதும் மருந்து எழுதுவதும் பதிவு பெற்ற மருத்துவர் செய்ய வேண்டியவை. மருந்துச் சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். நோயாளி தாமாக அழைத்தால் அதையே ஒப்புதலாகக் கொள்ளலாம்; நீங்களோ கிராம சுகாதாரச் செவிலியரோ அழைப்பைத் தொடங்கினால் ஒப்புதலைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அழைப்புக்கு மருத்துவமனை எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். செவிலியரின் சொந்த எண்ணை வாயிற்பலகையில் எழுதி வைக்க நிர்வாகம் கேட்டால் மறுத்துவிடுங்கள். நள்ளிரவில் வரும் அழைப்புக்குப் பதில் சொல்ல அவர் டூட்டியில் இருக்கமாட்டார், எடுக்கவில்லை என்ற பழியோ அவர் மேல்தான் விழும்.